சாயப்பட்டறை லேபிலிருந்து புற்றுநோய் லேபுக்கு: திருப்பூர் அப்பா ஒருவரின் கேள்விக்குப் பதில்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் 19 வருடமாக ஷேடு பார்த்து வரும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் கீமோவும் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று என்று ஒரு வருடம் டிராஸ்டுசுமாப் ஊசி போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். +2 முடித்திருக்கும் மகள், "அப்பத்தாவுக்குப் போட்ட மருந்து மாதிரி ஒண்ணு நானும் கண்டுபிடிக்கப் போறேன்" என்கிறாள். சொந்தபந்தம் எல்லாம் நீட் எழுது என்கிறது, இல்லாவிட்டால் ஐ.டி. "இந்த ஆராய்ச்சி வேலையில சோறு கிடைக்குமாங்க? ஒரு மருந்து கண்டுபிடிக்க எத்தனை வருசமாகும்?" என்று முடித்திருக்கிறார்.

சோற்றுக்கும் வருடக் கணக்குக்கும் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்விக்கு அடியில் இன்னொரு கவலை இருப்பதாக எனக்குப் படுகிறது. பாப்பா 35 வயது வரை லேபில் உட்கார்ந்துவிட்டு, மருந்து எதுவும் கண்டுபிடிக்காமல் வெளியே வந்தால் அத்தனை வருடமும் வீண்தானா என்பதுதான் அது. அதற்குத்தான் இந்த நீளப் பதில்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பா மஞ்சளும் கரும்பும் போட்டவர். 20 வருடத்துக்கு மேலாக, உங்கள் அம்மாவுக்குப் போட்ட அதே மருந்து சில பேருக்குக் கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டு அப்புறம் ஏன் நின்றுபோகிறது என்பதைப் புற்றுநோய் செல்களில் பார்த்து வருகிறேன். நான் சிகிச்சை தரும் டாக்டர் இல்லை. அதனால் உங்கள் அம்மாவின் சிகிச்சை சரியா, இன்னும் ஏதாவது வேண்டுமா என்பதற்குள் போகமாட்டேன். அதை அவருடைய ஆன்காலஜிஸ்டிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் நேர் பதில். உங்கள் பாப்பா தனியாக ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கமாட்டாள். யாருமே அப்படிக் கண்டுபிடித்ததில்லை. அம்மாவின் ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் வைன்பெர்க்கின் லேபில், எலிகளின் நரம்புக் கட்டியிலிருந்து ஒரு புற்றுநோய் மரபணுவைப் பிடித்தார்கள். மார்பகப் புற்றுநோய் அப்போது அவர்கள் நினைப்பிலேயே இல்லை. 1985இல் ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்ஸல் உல்ரிச் குழு அதற்கு இணையான மனித மரபணுவைப் பிரித்தெடுத்தது. அதுதான் ஹெர்-2. கலிஃபோர்னியாவில் டென்னிஸ் ஸ்லேமன் என்ற டாக்டரிடம் நோயாளிகளின் கட்டிகள் உறைய வைத்துச் சேகரிக்கப்பட்டிருந்தன. உல்ரிச்சின் மரபணுவை ஸ்லேமனின் கட்டிகளில் தேடிப் பார்த்தார்கள். 1987இல் வந்த கட்டுரையில் 189 மார்பகக் கட்டிகள். அதில் சுமார் 30 சதவீதத்தில் அந்த மரபணு ஒன்றுக்குப் பல நகல்களாகப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, சீக்கிரம் இறந்தார்கள். (அப்புறம் வந்த பெரிய ஆய்வுகளில் இந்தப் பங்கு 15 முதல் 20 சதவீதம் என்று இறங்கியது.)

அந்த மரபணு செய்யும் புரதத்தைப் பிடிக்க எலியில் ஓர் எதிர்ப்பான் (ஒன்றையே தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) செய்தார்கள். ஆனால் எலியின் புரதத்தை மனித உடம்பு அந்நியம் என்று கண்டு அடித்துவிடும். கட்டியைப் பிடிக்கும் நுனியை மட்டும் எலியிடமிருந்து வைத்துக்கொண்டு, மீதியை மனிதப் புரதமாக மாற்றும் வேலையை பால் கார்ட்டர் குழு 1992இல் செய்தது. நடுவே நிறுவனம் தயங்கியது. புற்றுநோய் மருந்தில் ஏற்கெனவே கை சுட்டுக்கொண்ட நிறுவனம் அது. ஸ்லேமன் விடாமல் போய்ப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய லேபுக்கு ஒரு அழகுசாதனக் கம்பெனியின் பணம் கை கொடுத்தது. பரிசோதனைக்கு வெளியே இருந்த, நோய் முற்றிய பெண்கள் தங்களுக்கும் மருந்து வேண்டும் என்று நிறுவனத்தின் வாசலில் போய் நின்றார்கள். 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெங்களூரு பயோகான் செய்த அதே வகை மருந்து 2014இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. முதலில் ஒரு குப்பி ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து, அதற்குப் பிறகுதான் நம் ஊர்க் குடும்பங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய விலைக்கு இறங்க ஆரம்பித்தது.

எலி ஆராய்ச்சியிலிருந்து அனுமதிக்குப் பதினாறு பதினேழு வருடம், அங்கிருந்து நம் ஊருக்கு இன்னும் பதினாறு வருடம். இதில் "கண்டுபிடித்தவர்" யார்? 2019இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கொடுத்தபோது ஸ்லேமன், உல்ரிச், மைக்கேல் ஷெப்பர்ட் என்று மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். பெயர் வராதவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்.

சரி, இந்தக் கதையில் எல்லோரும் எதிர்ப்பானைத்தான் பேசுவார்கள். என் பார்வையில் பெரிய விஷயம் அது இல்லை. யாருக்குப் போட வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்ததுதான் பெரிய விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பெண்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போட்டிருந்தால் 15, 20 பேருக்குத்தான் பலன் கிடைக்க வழியே உண்டு. மீதி 80 பேரின் முடிவு அந்தப் பலனை மூடி மறைத்திருக்கும். "வேலை செய்யவில்லை" என்று எழுதி மருந்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஹெர்-2 அதிகமாக இருந்தவர்களை மட்டும் சேர்த்ததால், 469 பேரை வைத்தே பலன் தெரிந்துவிட்டது: நோய் பரவிய நிலையில் இருந்தவர்கள் கீமோ மட்டும் எடுத்தபோது சராசரியாக 20.3 மாதம், ஊசியும் சேர்ந்தபோது 25.1 மாதம் உயிரோடு இருந்தார்கள். ஐந்து மாதம்தானா என்று தோன்றும். ஆனால் 2005இல், அதே மருந்தை ஆரம்ப நிலையில், ஆபரேஷனுக்குப் பின் கொடுத்தபோது நோய் திரும்புவது பாதியாகக் குறைந்தது. உங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது பலன்.

பிரிப்பது எப்படி? இங்கேதான் உங்கள் தொழில் வருகிறது. உங்கள் கேள்வியில் "சாயப்பட்டறை லேப்" என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு எழுத உட்கார்ந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

உங்களுக்குத் தெரியும், பாலி காட்டன் துணியை ரியாக்டிவ் சாயத்தில் மட்டும் போட்டால் பருத்தி பிடிக்கும், பாலியஸ்டர் வெளுப்பாக நிற்கும். அதற்கு டிஸ்பர்ஸ் சாயம் தனியாக வேண்டும். ஒரு சாயம் ஒரு நூலைத் தேடிப் பிடிக்கும், பக்கத்து நூலை விட்டுவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற டாக்டர் இதைத்தான் திசுக்களில் பார்த்துக்கொண்டிருந்தார். மெத்திலீன் நீலம் நரம்பைப் பிடிக்கிறது, மலேரியாக் கிருமியைப் பிடிக்கிறது, சுற்றியிருப்பதை விட்டுவிடுகிறது. அப்படியானால் கிருமியை மட்டும் பிடிக்கும் சாயத்தோடு ஒரு விஷத்தைக் கட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார். 1891இல் மெத்திலீன் நீலத்தையே மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குறிவைத்துத் தாக்கும் மருந்து என்று இன்று பேசுகிற எல்லாவற்றுக்கும் பாட்டன் அந்த யோசனைதான். 2013இல் அனுமதி பெற்ற ஒரு மருந்தில், உங்கள் அம்மாவுக்குப் போட்ட அதே எதிர்ப்பானின் முதுகில் கீமோ விஷத்தைக் கட்டியிருக்கிறார்கள். எர்லிக் கேட்டது கிடைக்க 100 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பட்டறையில் ஓடும் ரியாக்டிவ் சாயம் 1956இல் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. புரோசியான் என்ற பெயரில் விட்டது இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி. அதே கம்பெனியின் மருந்துப் பிரிவு, 1930களில் அதன் சாயப் பிரிவுக்குள்தான் தொடங்கியது. அந்த மருந்துப் பிரிவில் 1962இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியல் பெண்மணி ஒரு பொருளைத் தயாரித்தார். நோக்கம் கருத்தடை. எலிகளில் அருமையாக வேலை செய்தது. பெண்களுக்குக் கொடுத்தால் நேர்மாறாக, கருமுட்டை வெளியாவதைத் தூண்டிவிட்டது! கருத்தடை மருந்தாக அதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது. ஆனால் அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தடுக்கும் பொருள், சில மார்பகக் கட்டிகள் ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை. ஆர்தர் வால்போல் என்ற கம்பெனி விஞ்ஞானி அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். மான்செஸ்டரில் மேரி கோல் என்ற டாக்டர் நோய் முற்றிய பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1971இல் முடிவை வெளியிட்டார். லாபம் வராது என்று கம்பெனிக்குள் கைவிடும் பேச்சும் நடந்தது. அதுதான் டாமாக்ஸிஃபென்.

லீட்ஸில் "தோற்ற கருத்தடை மருந்துகள்" என்று யாரும் சீந்தாத தலைப்பில் அந்த நேரத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தவர் கிரெய்க் ஜோர்டன். அவருடைய ஆய்வேட்டைப் பரிசோதித்தவர் வால்போல்தான். ஜோர்டன் அதன் பிறகு, எலிகளில் இந்த மருந்தைக் கொஞ்ச நாள் கொடுப்பதைவிட நீண்ட காலம் கொடுத்தால்தான் கட்டி வராமல் நிற்கிறது என்று காட்டினார். ஆபரேஷனுக்குப் பின் ஐந்து வருடம் மாத்திரை என்ற இன்றைய வழக்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள கட்டிகளில், ஐந்து வருட டாமாக்ஸிஃபென் அந்த நோயால் இறப்பதை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. இது பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து உறுதியான விஷயம், சந்தேகமே வேண்டாம். மாத்திரை விலை சில ரூபாய். ஜோர்டன் 2024இல் இறக்கும் வரை கிட்டத்தட்ட அந்த ஒரே மருந்துக் குடும்பத்தோடு வாழ்ந்தார். ஆராய்ச்சி வாழ்க்கை என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்டால் நான் நோபல் பரிசுக்காரர்களைச் சொல்வதில்லை, இவரைத்தான் சொல்வேன். தோற்றுப்போன சரக்கை வைத்துக்கொண்டு 50 வருடம் கேள்வி கேட்டவர்.

உங்கள் லேபுக்கு வருகிறேன். பையர் ஒரு ஷேடு கார்டு கொடுக்கிறார். நீங்கள் லேப் டிப் (சாயம் போட்ட சாம்பிள் துண்டு) போட்டு, லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கிறீர்கள். பகல் வெளிச்சம் மாதிரியான டி65இல் பாஸ் ஆனது கடை விளக்கான டி.எல்.84இல் ஃபெயில் ஆகும். எங்கள் நோயியல் ஆய்வகத்திலும் இதே கூத்துதான். கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி முதலில் போடுவது ஹீமடாக்ஸிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயம். முன்னது துணிக்கும் போட்ட மரச்சாயம், பின்னதும் துணிக்குப் போட்ட சிவப்பு. அப்புறம் ஹெர்-2வைப் பிடிக்கும் எதிர்ப்பானைப் போட்டு, அது ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் வரவைக்கிறோம். சாதாரண செல்லின் மேல் சுமார் 20 ஆயிரம் ஹெர்-2 இருக்கும். கெட்ட கட்டியில் 20 லட்சம் வரை போகும். செல்லைச் சுற்றி முழு வட்டமாக, அழுத்தமான பழுப்பு, பத்து சதவீதத்துக்கு மேலான செல்களில் இருந்தால் 3+. அது பாசிட்டிவ். மங்கலாகவும் அரைகுறையாகவும் இருந்தால் 1+, ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால் 0. இரண்டும் நெகட்டிவ். நடுவில் 2+ என்று ஒன்று இருக்கிறது. முழு வட்டம்தான், ஆனால் அழுத்தம் போதவில்லை. அங்கே கண்ணை நம்பாமல் ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பி, மரபணு நகல்களையே எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு ஷேடு தப்பினால் ரீடையிங், பையரிடம் பேச்சு, கொஞ்சம் நஷ்டம். இங்கே ஷேடு தப்பினால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காது. அல்லது தேவையில்லாத மருந்துக்கு நிலத்தை அடமானம் வைப்பார்கள். இதில் என்னை விடாமல் உறுத்தும் சம்பவம் ஒன்று. சில வருடம் முன்னால், ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் சனிக்கிழமை மதியம் ஓர் அம்மாவின் கட்டியை எடுத்திருக்கிறார்கள். திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் தீர்ந்துவிட்டதாம். சலைன் பாட்டிலில் போட்டு வைத்து, திங்கள் காலை பஸ் பார்சலில் கோவைக்கு அனுப்பினார்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினுக்குள் போயிருக்க வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அதில் ஊற வேண்டும் என்பது விதி. வந்தது கிட்டத்தட்ட அழுகிய திசு. ஹெர்-2 ஒன்றுமே பிடிக்கவில்லை, 0. பார்த்த டாக்டர் நல்லவர். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்து, மறுபடி பயாப்சி கேட்டார். அக்குளில் மீதமிருந்த கணுவிலிருந்து எடுத்ததில் 3+ வந்தது. அந்த டாக்டர் மருந்து எதுவும் கண்டுபிடித்தவர் இல்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனி வருவதில் சந்தேகமும் கலந்திருக்கிறது, அதுதான் உங்கள் பாப்பாவுக்கு வேலை இருக்கும் இடம். 2022இல் ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. டிராஸ்டுசுமாபின் முதுகில் புதுவகை விஷத்தைக் கட்டிய மருந்து, நோய் பரவியவர்களில், இதுவரை நெகட்டிவ் என்று தள்ளிய 1+ காரர்களுக்கும், ஃபிஷ்ஷில் நெகட்டிவ் ஆன 2+ காரர்களுக்கும் பலன் கொடுத்தது. மாநாட்டு அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. பலன் உண்மை. ஆனால் அதோடு ஒரு தலைவலியும் வந்தது. 0வுக்கும் 1+க்கும் நடுவே கோடு எங்கே? ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்து இரண்டு பதில் சொல்கிறார்கள். அந்தப் பழுப்பு நிறப் பரிசோதனையே 3+ஐக் கண்டுபிடிக்க வடிவமைத்தது. வெள்ளைக்கும் அரை வெள்ளைக்கும் வித்தியாசம் சொல் என்றால் அது திணறுகிறது. கண்ணுக்குப் பதில் கணினி பார்க்கலாமா, நிறத்துக்குப் பதில் மரபணுச் செய்தியை அளக்கலாமா என்று பல லேப்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. என் சொந்தக் கருத்து, கணினி வந்தாலும் ஃபார்மலின் பாட்டில் சரியாக இல்லாவிட்டால் ஒன்றும் மாறாது. இது கருத்துதான், நிரூபணம் கையில் இல்லை.

ஊசியை ஒரு வருடம் போட வேண்டுமா, ஆறு மாதம் போதுமா என்பதும் முழுதாகத் தீராத வழக்கு. 2019இல் இங்கிலாந்தில் 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு ஆறு மாதமும் சளைத்தது இல்லை என்றது. அதற்கு முந்தைய பிரான்ஸ் ஆய்வால் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்றும் வழக்கமான பரிந்துரை ஒரு வருடம்தான். உங்கள் அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்திருப்பார்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. இந்த மருந்து இதயத்தைத் தொடும் என்று எலியும் சொல்லவில்லை, செல்லும் சொல்லவில்லை. மனிதர்களுக்குக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஆந்த்ராசைக்ளின் வகை கீமோவோடு சேர்த்துக் கொடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு இதயக் கோளாறு வந்தது. இதயத் தசைக்கும் ஹெர்-2 தேவைப்படுகிறது. அதனால்தான் இப்போது இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள்.

புதுப் பொருள் செய்தால்தான் ஆராய்ச்சி என்றும் இல்லை. டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழு, ஆபரேஷனுக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றிச் சாதாரண லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போட்டுப் பார்த்தது. பல் பிடுங்கும்போது போடுவார்களே, அதே வகை. 11 மையம், சுமார் 1,600 பெண்கள். ஐந்து வருடம் கழித்து நோயில்லாமல் இருந்தவர்கள் 82.6 சதவீதத்திலிருந்து 86.6ஆக உயர்ந்தார்கள். 2023இல் வெளிவந்தது. ஒரே ஒரு ஆய்வு என்பதால் வேறு நாட்டுக்காரர்கள் இன்னும் கேள்வி கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் நூறு ரூபாய்கூட ஆகாத ஒரு ஊசியைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை எழுப்ப அமெரிக்கா போக வேண்டியிருக்கவில்லை.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பாப்பாவுக்கு மறைக்காமல் சொல்லிவிடுங்கள். செல்லுக்குத் தீனி மாற்றுவது, காத்திருப்பது, பூஞ்சை பிடித்ததைக் கொட்டுவது, மறுபடி முதலிலிருந்து. பத்து சோதனையில் ஏழு எட்டு ஒன்றும் சொல்லாது. என் பிஎச்.டி.யில் 14 மாதம் ஒரு செல் வகையை மார்பகப் புற்றுநோய் என்று நம்பி வேலை செய்தேன். எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்று பெயர், உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதை வைத்து வந்திருந்தன. கடைசியில் அது மார்பகச் செல்லே இல்லை, மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல் என்று தெரிந்தது. எங்கள் லேபில் முன்னமே சந்தேகம் பேசியிருக்கிறார்கள், மாணவர்களுக்குச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. 14 மாதத்தை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பிஎச்.டி. முடிய ஆறரை வருடமானது. ஊரில் அம்முச்சி, "இன்னும் என்ன கண்ணு படிக்கற, அந்த வாத்தியாருக்கே பாடம் தெரியாதாட்ட இருக்குது" என்றார். ஒரு வகையில் சரியாகத்தான் சொன்னார். விடை தெரியாத பாடம்தான் அது.

அப்புறம் வழி. நீட் எழுதி டாக்டர் ஆனால்தான் முடியும் என்பது தவறு. மேலே சொன்ன பட்டியலைப் பாருங்கள்: ஸ்லேமனும் மேரி கோலும் டாக்டர்கள், ரிச்சர்ட்சன் வேதியியல், உல்ரிச் உயிர்வேதியியல், ஜோர்டன் மருந்தியல், கார்ட்டர் புரதப் பொறியியல். நோயாளியோடு இருக்க ஆசை என்றால் எம்.பி.பி.எஸ்., பிறகு நோயியல் அல்லது ஆன்காலஜி. செல்லோடும் மூலக்கூறோடும் இருக்க ஆசை என்றால் அறிவியல் பட்டம். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் தேர்வு எழுதலாம், பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் நான்கு வருட ஆராய்ச்சிப் பட்டம் இருக்கிறது. அதெல்லாம் கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது. கோவையிலோ ஈரோட்டிலோ நல்ல கல்லூரியில் வேதியியலோ உயிர்வேதியியலோ படித்துவிட்டு, ஜாம் அல்லது கேட்-பி எழுதி நல்ல இடத்தில் எம்.எஸ்சி. சேரலாம். பயோடெக்னாலஜி என்று பலகை மாட்டிய துறைகளில் சேரும் முன் லேபுக்குள் நேரில் போய்ப் பாருங்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம், உங்கள் கையால் எத்தனை சோதனை செய்தீர்கள் என்று கேளுங்கள். செய்முறை நோட்டை மட்டும் அழகாக எழுத வைக்கும் இடம் வேண்டாம். எதைப் படித்தாலும் புள்ளியியலை விடக் கூடாது. நான் விட்டுவிட்டு முப்பது வயதில் முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன்.

சோறு விஷயம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் மாதிரி தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023 ஜனவரியிலிருந்து உள்ள விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்.டி. காலத்தில் உங்கள் பணம் தேவைப்படாது. சிக்கல் அதற்குப் பிறகுதான். பல்கலைக்கழகங்களில் நிரந்தர வேலை குறைவு, போட்டி அதிகம், 33, 34 வயது வரை ஒப்பந்த வேலையிலேயே ஓடலாம். ஐ.டி.க்குப் போன மாமன் மகன் அதற்குள் சரவணம்பட்டியில் வீடு கட்டிவிடுவான். இதை ஒப்புக்கொள்ள முடிந்தால் மட்டும் இறங்கட்டும். பக்க வழிகளும் நிறைய உண்டு. பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்கள், மூலக்கூறு பரிசோதனை ஆய்வகங்கள், கோவையின் பெரிய மருத்துவமனைகளில் மருந்துப் பரிசோதனையை ஒருங்கிணைக்கும் வேலை. இந்தியாவில் நடக்கும் பரிசோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. "மார்பகம்", "கோயம்புத்தூர்" என்று ஆங்கிலத்தில் போட்டு பாப்பாவையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். 26, 27 வயதில் பெண் இன்னும் படிக்கிறாள் என்றால் நம் பக்கம் விசேஷ வீட்டில் பந்திக்குப் பந்தி விசாரிப்பார்கள். அந்தக் கேள்வியைப் பெற்றவர்கள் வாங்கிக்கொண்டால் பிள்ளை பிழைத்துவிடும். என் அப்பா, "அவ வேலையா இருக்கறாளுங்க" என்று ஒரே வரியில் எல்லோருக்கும் பதில் சொன்னார். என்ன வேலை என்று அவருக்குக் கடைசி வரை சரியாகத் தெரியாது.

இந்த விடுமுறையில் செய்ய ஒரு காரியம் சொல்கிறேன். பாப்பாவை ஒரு வாரம் உங்கள் லேபுக்குக் கூட்டிப் போய், ஒரே ஷேடை மூன்று விளக்கில் பார்த்து பாஸா ஃபெயிலா என்று எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதே துண்டுகளைக் கலைத்துப் போட்டு, முந்தைய நாள் எழுதியதைக் காட்டாமல் மறுபடி எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாளும் ஒத்துப்போகவில்லை என்றால் அவளுக்கு எரிச்சல் வருகிறதா, ஏன் என்று தோண்டத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோண்டினால் அப்பத்தாவின் ஃபைலை எடுத்துக் கொடுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெர்-2 என்ற வரிக்குப் பக்கத்தில் 3+ என்று நேராக வந்ததா, 2+ வந்து ஃபிஷ்ஷுக்குப் போனதா என்று அவளே தேடட்டும். ரிப்போர்ட்டின் மேல்பக்கம் ஒரு பிளாக் எண் இருக்கும். அப்பத்தாவின் கட்டி பதிந்த மெழுகுத் துண்டின் எண் அது. அந்தத் துண்டு பெரும்பாலும் இன்னும் அந்த மருத்துவமனையின் அலமாரியில் இருக்கும்.